இரண்டாவது காருக்கு நாம் கொடுக்கும் விலை

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் எமது குடும்பங்களிடம் வீட்டுக்கடன் மாதம் எவ்வளவு என்று கேட்டால் சதக் கணக்கோடு சொல்வார்கள். கடைச் சாமான் செலவையும் ஓரளவு சரியாகச் சொல்வார்கள். போக்குவரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் மட்டும், "பெற்றோலுக்கு மாதம் இருநூறு, முந்நூறு போகும்" என்று பதில் வரும். கார்க் கட்டணம் வேறு, காப்புறுதி வேறு, ரயர் மாற்றியது வேறு என்று அவை தனித்தனியாகவே நினைவில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டுச் செலவுகளை அளவிட்டு வருகிறது. பெருந்தொற்றுக்கு முந்திய 2019 ஆம் ஆண்டில், சராசரிக் குடும்பம் ஒன்று பொருட்களுக்கும் சேவைகளுக்கும் ஏறத்தாழ 69,000 டொலர் செலவிட்டது. அதில் இருப்பிடத்துக்கு 29 வீதம், போக்குவரத்துக்கு 18 வீதத்துக்குச் சற்று அதிகம், உணவுக்கு 15 வீதம். சாப்பாட்டை விடப் பயணத்துக்குத்தான் கூடப் போயிருக்கிறது. அந்தப் பயணச் செலவின் மிகப் பெரும்பகுதி சொந்த வாகனத்துக்கானது. பொதுப் போக்குவரத்துக்குரியது சிறு பங்கு. அந்தச் சிறு பங்குக்குள்ளும் விமான ரிக்கெற் அடங்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊருக்குப் போய் வரும் எமது குடும்பங்களில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போவது அதைவிடச் சிறியதாகவே இருக்கும்.

கார் வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. பனிக்காலமும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீட்டில் ஒரு கார் இருப்பதன் பயனை யாரும் மறுக்க முடியாது. நாம் பேசப்போவது இரண்டாவது, மூன்றாவது கார் பற்றியது. அந்த முடிவை எடுக்கும்போது எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு விடயம்.

பெற்றோலை மட்டும் எண்ணும் பழக்கம்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த நாட்கள் மறக்காது. பழைய மொறிஸ் மைனர்களும் ஏ40 களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ணுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். மற்ற எல்லோருக்கும் சைக்கிள். போத்தல் கணக்கில் வாங்கிய எரிபொருள்தான் பயணத்தின் முழுச் செலவாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் வாகன இறக்குமதி வரி மிக அதிகம். அதனால் பாவித்த காரின் விலை இலேசில் இறங்காது. ஐந்து வருடம் ஓடிவிட்டு வாங்கிய விலைக்கோ, அதைவிடக் கூடவோ விற்றவர்களை எமக்கெல்லாம் தெரியும். அங்கே கார் ஒரு சொத்து. நகை வாங்கி வைப்பதுபோல கார் வாங்கி வைத்தவர்கள் இருந்தார்கள்.

கனடாவில் நிலைமை நேர்மாறு. இங்கே கார் வீட்டு வாசலில் நிற்கும்போதே விலை இறங்கிக்கொண்டிருக்கும். வர்த்தகம் படித்தவர்கள் இதைப் பெறுமானத் தேய்வு என்பார்கள். இதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை. வங்கிக் கணக்கிலும் இந்தப் பெயரில் ஒரு வரி வராது. ஆனால் பல வீடுகளில் காப்புறுதிக்கு அடுத்த பெரிய செலவு இதுதான்.

ஒரு காரின் ஆண்டுக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு காரை எடுப்போம். தொகைகள் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் சொந்தத் தொகைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்க்கலாம்.

விற்பனை நிலையம் ஒன்றில் 21,000 டொலருக்கு ஒரு பாவித்த கார் வாங்குகிறோம். 13 வீத விற்பனை வரியோடு 23,730. முழுவதையும் 8 வீத வட்டியில் ஆறு வருடக் கடனாக எடுத்தால் மாதம் 416 டொலர். ஆறு வருடத்தில் 29,956 டொலர் கட்டி முடிப்போம். அப்போது கார் 8,000 டொலர் பெறும் என்று வைப்போம். எம் கையை விட்டுப் போனது 21,956. வருடத்துக்கு 3,660 டொலர். தேய்வும் வட்டியும் இதற்குள் அடங்கிவிட்டன.

மற்றவற்றையும் சேர்ப்போம். வருடம் 15,000 கிலோமீற்றர் ஓட்டம், 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர், லீற்றர் 1.40 டொலர் என்று கொள்வோம்.

தேய்வும் வட்டியும்: 3,660
காப்புறுதி, மாதம் 250 வீதம்: 3,000
பெற்றோல், 1,200 லீற்றர்: 1,680
எண்ணெய் மாற்றுதல், பிறேக், பனிக்கால ரயர், திருத்த வேலை: 1,200
மொத்தம்: 9,540 டொலர்

மாதம் 795 டொலர். கிலோமீற்றருக்கு 64 சதம். இதில் பெற்றோல் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மீதி ஐந்து பங்கும் எமது கணக்கில் வராமலே போய்க்கொண்டிருக்கிறது.

இது மிகைப்படுத்திய கணக்கா என்று சரிபார்க்க ஒரு வழி உண்டு. வேலைக்காகச் சொந்தக் காரைப் பாவிக்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்கக்கூடிய நியாயமான தொகையைக் கனடா வருமானத் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் அறிவிக்கிறது. 2025 இல் ஒன்ராறியோவில் அது முதல் 5,000 கிலோமீற்றருக்கு 72 சதம், அதற்கு மேல் 66 சதம். 15,000 கிலோமீற்றருக்கு இந்த வீதத்தில் 10,200 டொலர் வருகிறது. எமது உதாரணம் அதைவிடக் குறைவு. வரி அறவிடும் திணைக்களமே ஒரு கிலோமீற்றர் ஓட்டத்தை எழுபது சதத்தை ஒட்டி மதிப்பிடும்போது, நாம் பதினொரு சதப் பெற்றோலை மட்டும் எண்ணிக்கொண்டு "கார் மலிவு" என்கிறோம்.

2022 மார்ச்சில் ஒன்ராறியோ அரசு இலக்கத்தகடு ஸ்ரிக்கர் கட்டணத்தை நீக்கியது. தென் ஒன்ராறியோவில் வருடம் 120 டொலர் மிச்சம் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். 120 டொலரைக் கவனித்த அளவுக்கு இந்த 3,660 டொலரை நாம் கவனிப்பதில்லை.

எத்தனை நாள் உழைப்பு

மணித்தியாலத்துக்கு 22 டொலர் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுப்போம். அவர் கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு டொலரிலும் மத்திய வரி, மாகாண வரி, ஓய்வூதியப் பங்களிப்பு, வேலையிழப்புக் காப்புறுதி எல்லாம் போக ஏறத்தாழ 73 சதம்தான் கைக்கு வரும். அதாவது மணித்தியாலத்துக்கு 16 டொலர். 9,540 டொலரை 16 ஆல் பிரித்தால் 596 மணித்தியாலம். கிழமைக்கு 40 மணித்தியாலம் என்றால் பதினைந்து கிழமை. புதுவருடத்திலிருந்து சித்திரை நடுப்பகுதி வரை அவர் உழைப்பது அந்த ஒரு காருக்கு.

எமது ஆட்கள் பலர் சனிக்கிழமையிலும் ஒரு வேலைக்குப் போகிறார்கள். வருடம் முழுவதும் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் எட்டு மணித்தியாலம் வேலை செய்தால் கைக்கு வருவது 6,656 டொலர். அந்தச் சனிக்கிழமைகள் முழுவதையும் கொடுத்தாலும் இரண்டாவது காரின் செலவுக்குக் காணாது. சனிக்கிழமை வேலைக்குப் போவதற்காகவே இரண்டாவது கார் வாங்கிய குடும்பங்களும் உண்டு. அவர்கள் காருக்காக உழைக்கிறார்களா, உழைப்புக்காகக் கார் வைத்திருக்கிறார்களா என்பதை இந்தக் கணக்கைப் போட்டால்தான் சொல்ல முடியும். தகப்பன் வீட்டில் நிற்காத ஐம்பத்திரண்டு சனிக்கிழமைகளின் பெறுமதி இந்தத் தாளில் இல்லை. அதைப் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும்.

பஸ்ஸின் கணக்கு

பொதுப் போக்குவரத்திலும் நாம் கணக்குப் பார்ப்பதில்லை. 2025 இல் ரி.ரி.சி. யில் பிரெஸ்ரோ அட்டையால் தட்டினால் வளர்ந்தவருக்கு ஒரு பயணம் 3.30 டொலர். மாதாந்த அனுமதி 156 டொலர். 156 ஐ 3.30 ஆல் பிரித்தால் 47 க்கு மேல் வரும். மாதம் 48 பயணம் செய்தால்தான் மாதாந்த அனுமதி இலாபம். கிழமையில் ஐந்து நாள் வேலைக்குப் போய் வருபவருக்கு மாதம் 44 பயணம். அதற்கு 145.20 டொலர்தான். வேறு பயணம் இல்லாதவர் மாதாந்த அனுமதி எடுத்தால் நட்டப்படுகிறார். கிழமையில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு நட்டம் இன்னும் கூட.

2018 ஓகஸ்டிலிருந்து ரி.ரி.சி. யில் ஒரு தட்டலுக்கு இரண்டு மணித்தியாலம் செல்லும். எத்தனை பஸ் மாறினாலும், எந்தத் திசையில் போனாலும், இறங்கி மறுபடி ஏறினாலும் அந்த நேரத்துக்குள் ஒரே கட்டணம். தமிழ்க்கடைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட்டால் போய்வந்த செலவு 3.30 டொலர்தான்.

மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் பிரம்ரனிலும் உள்ளவர்களுக்கு 2024 பெப்ரவரி 26 பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தது. அதுவரை ஸ்ரீல்ஸ் வீதியைக் கடந்து ரொறன்ரோவுக்குள் வந்தால் யோர்க் பிராந்தியப் பஸ்ஸுக்கு ஒன்று, ரி.ரி.சி. க்கு இன்னொன்று என்று இரண்டு கட்டணம். இப்போது ரி.ரி.சி., யோர்க், டூரம், மிசிசாகா, பிரம்ரன் பஸ்களுக்கும் கோ ரயிலுக்கும் இடையே மாறும்போது இரண்டாவது கட்டணம் இல்லை. கோ ரயிலில் ஏறினால் அதன் கட்டணத்தை மட்டும் கொடுத்தால் போதும். வருடம் 230 நாள் வேலைக்குப் போய் வருபவருக்கு, நாளுக்கு இரண்டு ரி.ரி.சி. கட்டணம் மிச்சமானால் 1,518 டொலர். பழைய கட்டணத்தை மனதில் வைத்துக்கொண்டு "இரண்டு தரம் காசு கட்ட வேண்டும், காரில் போவது மேல்" என்று இன்னும் சொல்பவர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விடயம்: பயணம் முழுவதும் ஒரே அட்டையைத்தான் தட்ட வேண்டும். முதல் பஸ்ஸில் வங்கி அட்டை, அடுத்த பஸ்ஸில் கைத்தொலைபேசி என்று மாற்றினால் இரண்டு பேர் என்று கணக்கெடுத்து இரண்டு தரம் அறவிடும்.

குடும்பத்தில் மற்றவர்களுக்கும் சலுகைகள் உண்டு. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ரி.ரி.சி. யிலும் கோ ரயிலிலும் இலவசம். கல்லூரி, பல்கலைக்கழக மாணவருக்கு ரி.ரி.சி. மாதாந்த அனுமதி 128.15 டொலர். எட்டு மாதப் படிப்புக் காலத்துக்கு 1,025 டொலர். ரொறன்ரோ நகரில் வாழ்ந்துகொண்டு சமூக உதவிப் பணமோ மாற்றுத்திறனாளர் உதவிப் பணமோ பெறுபவர்களுக்கு 2018 இலிருந்து 'ஃபெயர் பாஸ்' திட்டம் இருக்கிறது. ஒற்றைப் பயணத்தில் 36 வீதமும் மாதாந்த அனுமதியில் 21 வீதமும் கழிவு. புதிதாக வந்து அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருப்பவர்கள் பலர் உதவிப் பணத்தில் இருந்தும் இதற்கு விண்ணப்பிக்காமல் முழுக் கட்டணம் கொடுக்கிறார்கள். அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தத் தகவலைச் சொல்லுங்கள்.

நேரத்துக்கும் விலை போட்டால்

"பஸ்ஸில் போனால் பொழுது போய்விடும்" என்பது நியாயமான வாதம். ஸ்காபரோவில் அது இன்னும் நியாயம். 1985 இலிருந்து ஓடிய ஆர்.ரி. ரயில் 2023 யூலை 24 இல் தடம் புரண்டது. அதன்பின் அது திரும்ப ஓடவேயில்லை. சப்வே நீட்டிப்பு முடியும்வரை பஸ்தான். ஆகவே நேரத்தையும் காசாக்கிப் பார்ப்போம்.

காரை விட பஸ்ஸில் ஒரு பக்கத்துக்கு 40 நிமிடம் கூடப் போகிறது என்று வைப்போம். நாளுக்கு 80 நிமிடம், 230 நாளுக்கு 307 மணித்தியாலம். கைக்கு வரும் சம்பளமான 16 டொலரால் பெருக்கினால் ஏறத்தாழ 4,900 டொலர். மாதாந்த அனுமதிக்கு வருடம் 1,872. இரண்டும் சேர்ந்து 6,780 அளவில் வரும். இப்போதும் 9,540 ஐ விடக் குறைவுதான். ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. இரண்டு பக்கமும் சமமாகும் இடத்தைத் தேடினால், நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் வருகிறது. கார் உங்களுக்கு ஒரு நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மிச்சப்படுத்துமானால் இரண்டாவது கார் தன் செலவைத் தேடிக்கொள்கிறது. அதற்குக் குறைவென்றால் தேடிக்கொள்வதில்லை. சம்பளம் கூடியவருக்கு இந்த எல்லை இறங்கும், குறைந்தவருக்கு ஏறும்.

இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்டுக்கு, பஸ் போகாத களஞ்சியப் பகுதிக்குப் போகிறவருக்குக் கார் ஆடம்பரமல்ல. அது ஒரு தொழிற்கருவி. அதிகாலை நான்கு மணிக்குக் கடை திறப்பவருக்கும், வயோதிபரைப் பராமரிக்க வீடு வீடாகப் போகும் சகோதரிகளுக்கும் அப்படித்தான். அவர்கள் பஸ் கணக்குக் கேட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்கள் செய்ய வேண்டியது வேறு: வேலைக்காக ஓடிய கிலோமீற்றரைக் கொப்பியில் குறித்து வைப்பது. முதலாளி வேலைக்குக் கார் தேவை என்று எழுதித் தந்து, அதற்கான செலவைத் தராவிட்டால், வேலைக்கான ஓட்டத்தின் பங்கை வரியில் கழிக்க வழி உண்டு. வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குப் போய்வரும் ஓட்டம் இதில் சேராது. ஊபர் ஓட்டுபவர்களும் இதே கொப்பியை வைத்திருக்க வேண்டும். 2017 யூலை 1 இலிருந்து முதல் டொலரிலிருந்தே விற்பனை வரிக்குப் பதிவு செய்யவேண்டியது அவர்களுக்குக் கட்டாயம்.

வீடு தூரமாகப் போனபோது

எமது ஆட்கள் எண்பதுகளின் இறுதியில் வந்திறங்கியபோது பலர் சென் ஜேம்ஸ் ரவுனின் அடுக்குமாடிகளில் இருந்தார்கள். சப்வேக்கு நடந்து போகும் தூரம். பிறகு ஸ்காபரோ, அங்கே பஸ் இருந்தது. அதன்பின் மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன், இன்னும் அப்பால். சொந்த வீடு வேண்டும் என்ற நியாயமான ஆசை எம்மை வெளியே கொண்டுபோனது. ஒவ்வொரு நகர்வோடும் வாசலில் நிற்கும் கார்களின் எண்ணிக்கையும் கூடியது. ஆனால் வீடு பார்க்கும்போது முகவரும் நாமும் வீட்டு விலையை மட்டும்தான் ஒப்பிட்டோம்.

கணக்கு இப்படி இருக்கிறது. தூரத்தில் உள்ள வீடு 100,000 டொலர் மலிவு என்று வைப்போம். 5 வீத வட்டியில் 25 வருடக் கடனுக்கு மாதம் 582 டொலர் குறையும். அந்த வீட்டுக்குப் போனதால் இன்னொரு கார் தேவைப்பட்டால் மாதம் 795 டொலர் கூடும். மலிவு வீட்டுக்குப் போய் மாதம் 213 டொலர் கூடக் கொடுக்கிறோம். ஒரு காரின் மாதச் செலவு ஏறத்தாழ 137,000 டொலர் வீட்டுக்கடனுக்குச் சமம். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது, தூரத்து வீட்டின் விலையோடு ஒவ்வொரு மேலதிக காருக்கும் இந்தத் தொகையைச் சேர்த்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு வேறுபாடும் உண்டு. வீட்டுக்கடனில் கட்டும் தொகையின் ஒரு பகுதி எமது சொத்தாகச் சேர்கிறது. காருக்குக் கட்டுவதில் ஆறு வருடத்துக்குப் பிறகு மிஞ்சுவது ஒரு பழைய கார்.

ஏற்கெனவே போய்க் குடியேறிவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டை விற்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த தலைமுறை வீடு பார்க்கத் தொடங்கிவிட்டது. மகனும் மருமகளும் வீடு பார்க்கப் போகும்போது பஸ் தரிப்பிடமும் கோ நிலையமும் எவ்வளவு தூரம் என்பதையும் விலையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம்.

காப்புறுதி

ஒன்ராறியோவில் கார்க் காப்புறுதி கட்டாயம். விற்பவை தனியார் நிறுவனங்கள். வீதங்களை மாகாண ஒழுங்குபடுத்தும் அமைப்பு அங்கீகரிக்கிறது. வசிக்கும் பகுதி, சாரதியின் வயதும் அனுபவமும், விபத்து வரலாறு, காரின் வகை, வருட ஓட்டம் எல்லாம் சேர்ந்துதான் தொகை வருகிறது. எமது மக்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவும் பிரம்ரனும் கூடிய தொகை அறவிடப்படும் பகுதிகள். ஒரே கார், ஒரே சாரதி, வேறு தபால் குறியீடு என்றால் தொகை மாறும்.

இதைத் தவிர்க்க, மலிவான ஊரில் இருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுப்பவர்களும், மகன் ஓட்டும் காரைத் தகப்பனே ஓட்டுவதாகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் நிறுவனம் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். பொய் என்று தெரிந்தால் நட்டஈட்டை மறுக்கலாம், ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். அதன்பின் வேறு நிறுவனமும் இலேசில் எடுக்காது. வருடம் ஆயிரம் டொலரை மிச்சம் பிடிக்க வீட்டையே பணயம் வைப்பது போன்றது இது.

நேர்மையான வழிகளே போதும். வருடாவருடம் குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். வீட்டுக் காப்புறுதியையும் சேர்த்துக் கேளுங்கள். 2016 இலிருந்து பனிக்கால ரயருக்குக் கழிவு கொடுக்க வேண்டியது நிறுவனங்களின் கடமை. பலர் ரயர் போட்டும் அதைச் சொல்வதில்லை. ஓட்டம் குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். காரை வாங்கிவிட்டுக் காப்புறுதி கேட்காமல், வாங்க முன்னமே அந்த மொடலுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பத்தொன்பது வயது மகனுக்குக் கார் வாங்கும்போது இது மிக முக்கியம். காரின் மாதக் கட்டணத்தை விடக் காப்புறுதி கூட வரும் நிலையும் உண்டு.

வீட்டில் ஓட்டத் தெரியாதவர்கள்

கார்களுக்கு இவ்வளவு செலவழிக்கும் வீட்டிலும் பயணம் செய்ய முடியாமல் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது அம்மம்மா அல்லது அப்பப்பா. சில வீடுகளில் மனைவி. வாசலில் மூன்று கார் நிற்கும். கோயிலுக்கோ வைத்தியரிடமோ போக, யாராவது வேலையால் வரும்வரை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "பிள்ளைகளுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது" என்று போகாமலே விட்டவையும் பல.

ரி.ரி.சி. யில் 65 வயதுக்கு மேற்பட்டவருக்குப் பிரெஸ்ரோவால் 2.25 டொலர். இதே இரண்டு மணித்தியால விதி அவர்களுக்கும் உண்டு. அதோடு ஒன்ராறியோவில் முதியோர் பொதுப் போக்குவரத்து வரிச்சலுகை இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் 65 வயது நிரம்பியிருந்தால், தகுதியுள்ள பஸ், ரயில் செலவில் 3,000 டொலர் வரை 15 வீதத்தைத் திருப்பிப் பெறலாம். உச்சத்தொகை 450 டொலர். வருமானமே இல்லாவிட்டாலும் கிடைக்கும். மாதம் பன்னிரண்டு முறை வெளியே போய்வந்து ஒவ்வொரு பக்கமும் கட்டணம் கொடுப்பவருக்கு வருடச் செலவு 648 டொலர், திரும்பி வருவது 97 டொலர். பிரெஸ்ரோ அட்டையை அவர் பெயரில் பதிவு செய்து வைத்தால் வருட முடிவில் பயணப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் இருந்த மத்திய அரசின் பஸ் வரிச்சலுகை 2017 யூலையில் நிறுத்தப்பட்டது. அதைக் கேள்விப்பட்ட பலர் முதியோருக்கான இந்தச் சலுகையும் இல்லை என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் காசு மட்டும் போதாது. முதல் இரண்டு, மூன்று தடவை பேரப்பிள்ளை ஒருவர் கூடப் போய், எந்த இலக்கப் பஸ், எங்கே தட்டுவது, எங்கே இறங்குவது என்று காட்ட வேண்டும். ஊரில் தனியாகப் பஸ் ஏறிச் சந்தைக்கும் கந்தோருக்கும் போய்வந்தவர்கள்தான் இவர்கள். பழகிவிட்டால் தாங்களே போய்வருவார்கள்.

என்ன செய்யலாம்

மூன்று மாத வங்கிப் பதிவுகளையும் கடனட்டைப் பதிவுகளையும் எடுத்து, போக்குவரத்துக்கான எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கார்க் கட்டணம், காப்புறுதி, பெற்றோல், திருத்தம், தரிப்பிடம், 407 நெடுஞ்சாலைக் கட்டணம், தண்டம், பஸ், ஊபர் எல்லாம். காருக்குக் காராகப் பிரியுங்கள். ஒவ்வொரு கார் ஒரு கிழமையில் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது, எத்தனை மணித்தியாலம் நிற்கிறது என்றும் பக்கத்தில் எழுதுங்கள். குறைய ஓடும் காரைப் பற்றித்தான் குடும்பமாக இருந்து பேச வேண்டும்.

அந்தக் கார் இல்லாவிட்டால் என்ன என்பதையும் எழுதிப் பாருங்கள். மாதாந்த அனுமதி 156 டொலர். பனி கொட்டும் நாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள், கலியாண வீட்டுக்குப் போகும் நாள் என்று மாதம் பத்து முறை 25 டொலர் வீதம் ராக்சிக்குக் கொடுத்தாலும் 250. மொத்தம் 406. காரின் 795 இலிருந்து கழித்தால் 389 டொலர் மிச்சம். வருடத்துக்கு 4,668. பிள்ளையின் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் வருடம் 2,500 டொலர் போட்டால் மத்திய அரசு 500 டொலர் சேர்க்கிறது. இந்த மிச்சத்தில் ஒரு பிள்ளைக்கு முழுவதும் போட்டு, மற்றப் பிள்ளைக்கும் பெரும்பங்கைப் போட்டுவிடலாம்.

கணக்குப் பார்த்த பிறகும் இரண்டாவது கார் தேவை என்று தெரிந்தால் வாங்குங்கள். அது தெரிந்து செய்யும் செலவு. ஆனால் விற்பனை நிலையத்தில் இருக்கும்போது மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டாம். தாளை வீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஓட்டத் தெரியாத அம்மாவையும் அந்தக் கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள்.